உங்கள் வினாப்பட்டியல் எதை அளக்கிறது? அளவீட்டுத் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்களோடும் களப்பணியாளர்களோடும் உட்கார்ந்து வினாப்பட்டியல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வாய்பாடுகளைக் குறைத்துவிட்டு எண்களை உதாரணத்தோடு கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவுக்கருவி என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

தரவைப் பதிவு செய்ய நீங்கள் பயன்படுத்தும் எதுவும் அளவுக்கருவிதான். வினாப்பட்டியல், தேர்வுத்தாள், நேர்காணல் படிவம், வகுப்பறையைக் கவனித்து டிக் அடிக்கும் தாள், இரத்த அழுத்தமானி எல்லாம் இதில் சேரும். கேள்வி கேட்பவரும் கருவியின் ஒரு பகுதி. ஒரே படிவத்தை ஒருவர் நிதானமாகப் படித்துக் காட்டி, இன்னொருவர் அவசரமாகத் தன் சொந்த நடையில் கேட்டால், அங்கே இரண்டு கருவிகள் இருக்கின்றன.

நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் என்ன வித்தியாசம்?

"நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "பத்து மணிக்குப் படுத்தேன், ஆறு மணிக்கு எழுந்தேன், எட்டு மணி நேரம்" என்கிறார் ஒருவர். மாலையில் கேட்டாலும் எட்டுதான். வேறு ஆள் போய்க் கேட்டாலும் எட்டுதான். பதில் நிலையாக இருக்கிறது. இந்த நிலைத்தன்மைதான் நம்பகத்தன்மை.

ஆனால் படுத்தபின் தூக்கம் வராமல் புரண்ட ஒரு மணி நேரமும், நடுவில் விழித்துக் கிடந்த நேரமும் அந்த எட்டுக்குள் இருக்கின்றன. படுக்கையில் இருந்த நேரத்தை அளந்துவிட்டு, தூக்கத்தை அளந்ததாக அறிக்கையில் எழுதப்போகிறோம். நாம் அளந்ததாகச் சொல்வதும் உண்மையில் அளந்ததும் ஒன்றாக இருப்பதுதான் ஏற்புடைமை. நம்பகத்தன்மையை மென்பொருள் கணக்குப் போட்டுத் தந்துவிடும். ஏற்புடைமைக்குப் பதிலாளியின் மனதில் கேள்வி எப்படிப் போய் விழுந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லவரும் முக்கியமான விஷயம் இதுதான். கீழே பல இடங்களில் இதற்கே திரும்ப வருவேன்.

மாதிரியின் அளவைக் கூட்டினால் அளவீட்டுப் பிழை சரியாகிவிடாதா?

பாதி சரியாகும். பிழையில் இரண்டு வகை உண்டு. ஒன்று தற்செயலானது: சிலரிடம் கூடும், சிலரிடம் குறையும். நிறையப் பேரிடம் வாங்கிச் சராசரி எடுத்தால் இது அடங்கிவிடும். இன்னொன்று ஒரே பக்கமாகச் சாயும் பிழை. மேலே பார்த்த தூக்கக் கேள்வி எல்லோரிடமும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். 100 பேருக்குப் பதில் 10,000 பேரிடம் கேட்டால், தவறான விடையை இன்னும் துல்லியமாகச் சொல்வோம், அவ்வளவுதான்.

தற்செயல் பிழையும் சராசரிக்குத்தான் அடங்கும், உறவுகளுக்கு அடங்காது. உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904-லேயே இதைக் காட்டிவிட்டார். இரண்டு பண்புகளுக்கு இடையே உண்மையான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பகத்தன்மையையும் 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள்; ஒரு கருவிக்கு அது 0.60, மற்றதற்கு 0.70. இரண்டையும் பெருக்கினால் 0.42, அதன் வர்க்கமூலம் சுமார் 0.65. உண்மையான 0.50 இந்த 0.65 மடங்காகச் சுருங்கும், ஆகவே உங்கள் அட்டவணையில் 0.50-க்குப் பதில் 0.32 தான் தெரியும். "தொடர்பு பலவீனமாக இருக்கிறது" என்று முடிவுரை எழுதுகிறோம். பலவீனம் அந்தத் தொடர்பில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

க்ரான்பாக் ஆல்ஃபா 0.70-க்கு மேல் வந்துவிட்டது. கருவி தரமானது என்று எழுதிவிடலாமா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. பதில்: வேண்டாம், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

லீ க்ரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பெயர் பெற்றது ஆல்ஃபா. ஒரு அளவுகோலில் உள்ள கூற்றுகள் (பதிலாளி ஒவ்வொன்றாக மதிப்பிடும் வாக்கியங்கள்) ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதையும், எத்தனை கூற்றுகள் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. இதில் இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 தான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று அவ்வளவாக ஒட்டாத கூற்றுகள். ஐந்து கூற்று வைத்தால் ஆல்ஃபா 0.56. பத்தாக்கினால் 0.71. இருபதாக்கினால் 0.83. கூற்றுகளின் தரம் கொஞ்சமும் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. அதனால் 30 கூற்றுகள் கொண்ட கருவிக்கு 0.85 வந்திருக்கிறது என்று யாராவது காட்டினால், நான் முதலில் கூற்றுகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவைத்தான் கேட்பேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஆல்ஃபா 0.96 என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். "எனக்கு வேலையில் திருப்தி இருக்கிறது", "என் வேலை எனக்குத் திருப்தி தருகிறது", "நான் செய்யும் வேலையில் திருப்தியாக உள்ளேன்" என்று ஒரே கூற்றைப் புரட்டிப் புரட்டிப் போட்டாலும் இப்படி வரும். பதிலாளி அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனாலும் வரும். ஆல்ஃபா பெரிதாக இருப்பதால் எல்லாக் கூற்றுகளும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்றும் ஆகிவிடாது. அதற்குக் காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்தக் கூற்றுகள் ஒரு கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) தனியாகச் செய்ய வேண்டும்.

ஆல்ஃபா 0.40 தான் வருகிறது. கூற்றுகளை நீக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் அமைந்த கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் சிஇஎஸ்-டி அளவுகோலில் 20 கூற்றுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அவற்றில் 16 சோர்வைப் பற்றியவை. 4 மட்டும் "மகிழ்ச்சியாக இருந்தேன்" என்பது போல நல்ல உணர்வைப் பற்றியவை. அந்த நான்கையும் 3, 2, 1, 0 என்று திருப்பிப் போடாமல் கூட்டினால் ஆல்ஃபா சரிந்துவிடும். குறைந்த ஆல்ஃபாவோடு வருகிறவர்களின் கோப்பைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இதைத்தான், பல தடவை விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அது சரியாக இருந்தும் குறைவாகவே வந்தால், ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டலுக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். விலகி நிற்கும் கூற்றைக் கண்டுபிடித்ததும் அதை நீக்காமல், படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியத்தில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: "மேலாளர் நியாயமாகவும் விரைவாகவும் முடிவெடுக்கிறார்." நியாயமானவர், ஆனால் தாமதம் என்றால் எங்கே டிக் அடிப்பது?

ஏற்கெனவே நிறுவப்பட்ட, உலகம் முழுக்கப் பயன்படும் கருவி இது. மறுபடி சோதிக்க வேண்டுமா?

வேண்டும். "நம்பகத்தன்மை வாய்ந்த கருவி" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் நம்பகத்தன்மை கருவியோடு ஒட்டிப் பிறந்த குணம் இல்லை. குறிப்பிட்ட மக்களிடம், குறிப்பிட்ட சூழலில் கிடைத்த மதிப்பெண்களின் குணம் அது. கல்லூரி மாணவர்களிடம் 0.88 வந்த கருவி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களிடம் 0.60 தரலாம்.

கேள்வித்தாளுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய அதே நேரத்தில், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீத அளவீடுகளில். கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீத அளவீடுகளில். ஒளியை விரல் வழியே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கணக்கிடும் கருவி அது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. மொத்தச் சராசரியில் நன்றாகத் தெரிந்த கருவி, ஒரு பிரிவினரிடம் ஆபத்தை மறைத்தது.

ஆண்களையும் பெண்களையும், நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் இதே கேள்வியை உங்கள் வினாப்பட்டியலிடமும் கேளுங்கள்: இரு தரப்புக்கும் இது ஒன்றையேதான் அளக்கிறதா? அது தெரியாமல் சராசரிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆங்கிலக் கருவியைத் தமிழாக்கும்போது எதைக் கவனிப்பது?

ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடும் முறை 1970-களிலிருந்தே பரவலாக இருக்கிறது. நல்ல முறை, ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. மேலே சொன்ன சிஇஎஸ்-டியில் ஒரு கூற்று ஆங்கிலத்தில் சோகத்தை "ப்ளூஸ்" என்ற சொல்லால் குறிக்கிறது. அதை யாராவது அகராதி பார்த்து "நீலம்" என்று எழுதினால், திரும்ப ஆங்கிலமாக்குபவர் "ப்ளூ" என்றே எழுதுவார். ஒப்பிட்டால் கச்சிதமாகப் பொருந்தும். தமிழில் படிப்பவருக்கோ ஒன்றும் புரியாது. மொழிபெயர்ப்பு எவ்வளவு மோசமாகச் சொல்லுக்குச் சொல் இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக இந்தச் சோதனையில் தேறிவிடும்! அதனால் ஒப்பிட்டு முடித்த பிறகு, ஆங்கிலமே தெரியாத சிலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் பிரச்சினையும் இருக்கிறது. "கடந்த இரு வாரங்களில் பதற்றத்திற்கு உள்ளானீர்களா?" என்று அச்சிட்டுக் கொடுத்தால், களத்தில் யாரும் அப்படியே வாசிப்பதில்லை. ஒருவர் "படபடப்பா இருந்துச்சா?" என்பார், இன்னொருவர் "டென்ஷனா இருந்தீங்களா?" என்பார். முன்னது நெஞ்சைப் பற்றியது, பின்னது பெரும்பாலும் கோபத்தைப் பற்றியது. வாசித்துக் கேட்கும் படிவம் என்றால் பேச்சு வடிவத்தையே ஒரே மாதிரியாக அச்சடித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

முன்னோட்டச் சோதனையை 30 பேரிடம் செய்து ஆல்ஃபா போட்டால் போதுமா?

30 பேரின் ஆல்ஃபா ஆட்டம் காணும் எண். அந்த உழைப்பில் பாதியைப் பத்துப் பேரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசச் செலவழித்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். கேள்வியைக் கேளுங்கள், பதில் வந்ததும் "எப்படி இந்தப் பதிலுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஒருமுறை உடற்பயிற்சி பற்றிய படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். "கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தீர்கள்?" ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி யோசிக்காமல் "ஒரு நாளும் இல்லை" என்றார். களப்பணியாளர் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். எப்படிச் சொல்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் எனக்கு எங்கே நேரம்? காலையில வேலைக்கு முக்கால் மணி நேரம் நடக்கணும், சாயங்காலம் அதே மாதிரி திரும்பணும். வந்ததும் படுத்தாப் போதும்னு இருக்கும்" என்றார்.

தினமும் ஒன்றரை மணி நேரம் நடப்பவர் எங்கள் தரவில் பூஜ்யம். அவரைப் பொறுத்தவரை உடற்பயிற்சி என்பது அதற்கென்று நேரம் ஒதுக்கிச் செய்வது. அவர் சொன்னதில் தப்பே இல்லை, கேள்விதான் தப்பு. அன்று மாலையே அந்தக் கேள்வியை நான்காகப் பிரித்தோம்: வேலையில், போய்வருவதில், வீட்டில், ஓய்வு நேரத்தில் என்று. பழைய கேள்வியை அந்தப் பெண்மணியிடம் மறுநாள் கேட்டிருந்தாலும் பூஜ்யம்தான் வந்திருக்கும். எந்த நம்பகத்தன்மை எண்ணும் இதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

ஒன்றிரண்டு சொல் மாறினால் பதில் அவ்வளவு மாறுமா?

மாறும். டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட ஒப்பீடு பிரபலம். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது, கூடாது என்றவர்கள் 62 சதவீதம். அதே பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடைசெய்வதும் அகராதிப்படி ஒன்றுதான். மனசுக்குத் "தடை" என்ற சொல் கடுமையாகப் படுகிறது.

இன்னும் தீவிரமான உதாரணம் 1992-இல் நடந்தது. நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது பற்றி அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. அது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்பது கேள்வி. 22 சதவீதத்தினர் சாத்தியம் என்றார்கள். அதிர்ச்சி பரவியது. பிறகு கேள்வியை ஆராய்ந்தபோது, "நடக்கவே இல்லை" என்பதும் "சாத்தியமில்லை" என்பதும் சேர்ந்து இரட்டை எதிர்மறையாகிக் குழப்பியது தெரிந்தது. 1994-இல் தெளிவான சொற்களில் மறுபடி கேட்டார்கள். 22 சதவீதம் 1 சதவீதமாகிவிட்டது. வரலாற்றை மறுப்பவர்கள் என்று நாட்டில் ஐந்தில் ஒருவரை எண்ண வைத்தது ஒரு வாக்கிய அமைப்பு.

ஒரு கூற்றுக்கு ஐந்து பதில் வாய்ப்பா, ஏழு பதில் வாய்ப்பா?

இரண்டுமே நன்றாக வேலை செய்யும். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்தியது ஐந்து. வாசித்துக் காட்டிக் கேட்பதென்றால் ஏழு வாய்ப்புகள் நினைவில் நிற்காது, ஐந்தோடு நிறுத்துங்கள். "எப்போதாவது, சில நேரம், அடிக்கடி" என்பதைவிட "மாதம் ஒரு முறை, வாரம் ஒரு முறை, தினமும்" என்பது மேல். அடிக்கடி என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அளவு.

இரண்டு மதிப்பீட்டாளர்களும் 92 சதவீதம் ஒத்துப்போகிறார்கள். போதாதா?

எதைப் பற்றி ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 100 படிவங்களில் அபூர்வமான ஒரு நடத்தை இருக்கிறதா என்று இருவர் பார்க்கிறார்கள். 90-இல் இருவரும் இல்லை என்கிறார்கள், 2-இல் இருவரும் உண்டு என்கிறார்கள். 4-இல் முதல்வர் மட்டும் உண்டு என்கிறார், 4-இல் இரண்டாமவர் மட்டும். ஒப்புதல் 92 சதவீதம்.

ஆனால் இருவருமே 94 படிவங்களுக்கு "இல்லை" என்றவர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் டிக் அடித்திருந்தாலே சுமார் 88.7 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலாக வரும் இந்தப் பங்கைக் கழிப்பதற்காக ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்ததுதான் கப்பா. இங்கே அது 0.29 தான். "உண்டு" என்று குறைந்தது ஒருவராவது சொன்ன 10 படிவங்களை எடுங்கள்: இருவரும் சேர்ந்து சொன்னது 2 மட்டுமே. நடத்தை அபூர்வமாக இருந்தால் கப்பா இறங்கிக் காட்டும் என்பதும் உண்மை. அதனால் இரண்டு எண்களையும், அந்த நான்கு கட்ட அட்டவணையையும் சேர்த்தே அறிக்கையில் கொடுத்துவிடுங்கள்.

இயந்திரத்தால் அளப்பதில் இந்தத் தொல்லை இல்லையே?

இயந்திரத்தைப் படிப்பது மனிதர். பாதரச இரத்த அழுத்தமானியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும். கவனமாகப் படித்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தும் ஏறக்குறைய சமமாக, ஆளுக்கு 20 சதவீதம் வர வேண்டும். ஒரு மையத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது நான் பார்த்தது: 120/80, 130/80, 140/90, 120/80, 130/90. பக்கம் பக்கமாகப் பூஜ்யம். நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் 126/84, 118/72, 134/88 என்று வந்தது, அந்தப் பக்கத்தில் கையெழுத்து வேறு. புதிதாக வந்தவர் ஒரு வாரம் மட்டும் எழுதியிருக்கிறார். 140-க்கு மேலா கீழா என்று பார்த்து மருந்து முடிவாகும் இடத்தில், 136-ஐ 140 ஆக்குவது சின்ன விஷயம் இல்லை.

வயதுக் கேள்விக்கும் இதே சோதனைதான். 30, 35, 40 என்று வயதுகள் குவிந்திருந்தால் பிறந்த ஆண்டு தெரியாமல் தோராயமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். விப்பிள் குறியீடு 23 முதல் 62 வரையுள்ள வயதுகளில் இந்தக் குவியலை அளக்கிறது. குவியலே இல்லையென்றால் 100, எல்லோரும் 0 அல்லது 5-இல் முடிந்தால் 500. கடைசி இலக்கத்துக்கு ஓர் அட்டவணை போட இரண்டு நிமிடம் ஆகும். எந்தத் தரவு வந்தாலும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஒருவர் 62, இன்னொருவர் 67 வாங்கியிருக்கிறார். இரண்டாமவர் மேல் என்று சொல்லலாமா?

தேர்வின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 10, நம்பகத்தன்மை 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.84 போனால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, பத்தால் பெருக்கினால் 4. இதுதான் அளவீட்டின் திட்டப் பிழை. இருபக்கமும் அதில் இரு மடங்கு, அதாவது 8, விட்டுப் பார்த்தால், 62 வாங்கியவரின் உண்மையான நிலை சுமார் 54-க்கும் 70-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து ஒருவரை எடுத்து ஒருவரைத் தள்ளுவதற்கு இந்தத் தேர்வு இடம் தரவில்லை. 0.84 நல்ல நம்பகத்தன்மைதான், குழுக்களை ஒப்பிட அது தாராளமாகப் போதும். ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தை முடிவு செய்வதற்கு இதைவிட உயர்ந்தது வேண்டும்.

தரவு சேகரித்து முடித்துவிட்டேன். இப்போதுதான் குறை தெரிகிறது. என்ன செய்வது?

தூக்கிப் போட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உங்கள் தரவிலேயே நம்பகத்தன்மையைக் கணக்கிட்டு, பழைய ஆய்வின் எண்ணுக்குப் பதிலாக அதை எழுதுங்கள். எந்தக் கேள்வி சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "சில வரம்புகள் உள்ளன" என்பது யாருக்கும் உதவாது. "கேள்வி 7-ஐப் பலர் நடைப்பயணத்தைச் சேர்க்காமல் புரிந்துகொண்டிருக்கலாம், அதனால் உழைப்பாளிகளின் உடல் செயல்பாடு குறைத்துக் காட்டப்பட்டிருக்கும்" என்றால், பிழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியும். முடிந்தால் பதிலளித்தவர்களில் 15, 20 பேரை மறுபடி சந்தித்து, சந்தேகத்துக்குரிய அந்தக் கேள்வியை மட்டும் புதிய சொற்களில் கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடைப்பதை அறிக்கையில் ஒரு சின்ன அட்டவணையாகச் சேர்த்துவிடலாம்.